ரொட்டிப் பெட்டியில் வெந்த கீரை

சனிக்கிழமை மதியம் கணவர் லிசியாடே பாடற்குழுப் பயிற்சிக்குக் கிளம்பும்வரை ஃபுசி தேங்காய் துருவிக்கொண்டே இருப்பாள். துருவி முடித்துவிட்டால், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் கைத்தடியை ஊன்றி, இடுப்பு வலிக்கு ஒரு முனகல் முனகி, படலைத் திறந்து தெருவில் இறங்குவார். போதகர் வீட்டு வேலியைத் தாண்டி அவருடைய தொப்பி மறைந்த பிறகுதான் அவள் துருவுபலகையை விட்டு எழுந்திருப்பாள்.

அப்புறம் கைகள் வேகமாகிவிடும். இளம் சேம்பிலைகளை உள்ளங்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் டப்பா மாட்டிறைச்சியும் நறுக்கிய வெங்காயமும் வைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் மடித்து, வாழையிலையில் பொட்டலம் கட்டுவாள். தென்கடல் நடுவே இருக்கும் ஹாபாய்த் தீவுகளில் இதற்கு லூ என்று பெயர். லூ இல்லாத ஞாயிறு அங்கே ஞாயிறே இல்லை. இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதற்குப் பிறகு அவள் செய்தது எந்த வீட்டிலும் நடக்காதது. பொட்டலங்களை ரொட்டிப் பெட்டிக்குள் அடுக்கி, கேஸைப் பற்றவைத்து, வாசம் தெருவுக்குப் போகாதபடி ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

ஆக்லாந்திலிருந்து மகள் லவினியா கப்பலில் அனுப்பிய கேஸ் அடுப்புக்குத்தான் அந்த வீட்டில் ரொட்டிப் பெட்டி என்று பெயர். மேலே நாலு தீ, கீழே ரொட்டி சுடும் பெட்டி. ஃபுசியிடம் வேறு அடுப்புகளும் இருந்தன. தேநீருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. வாரநாட்களில் மரவள்ளியும் வாழைக்காயும் அவிக்க, கொல்லையில் மூன்று கல் கூட்டிய அடுப்பும் கரிபிடித்த பெரிய பானையும். மீன் கிடைத்தால் வறுசட்டி. எதை எதில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பது, பானை மூடி ஆடுகிற சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குக் குழிதான். மண்ணில் வெட்டிய குழியில் தீ மூட்டி, கற்களைக் காயவைத்து, அதன்மேல் கிழங்கும் லூவும் அடுக்கி, இலை போட்டு, சாக்கு போட்டு, மண் போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். ஜெபம் முடிந்து வந்து திறந்தால் எல்லாம் வெந்திருக்கும். மற்ற அடுப்பெல்லாம் பெண்களுடையவை, குழி ஆண்களுடையது. இலை மடித்துக் கொடுப்பதோடு பெண்ணின் வேலை முடிந்தது.

லிசியாடேயின் குழி என்றால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அவர் மூடிய குழியில் ஒரு கிழங்குகூட நடுவில் நறுக்கென்று கடிபட்டதில்லை என்பார்கள். அவருக்கு நிலம் கொஞ்சம், படகு கிடையாது, படிப்பும் கிடையாது. இருந்த ஒரே பெருமை அதுதான். ஃபுசிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சின்னத் தீவிலிருந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பெண் அவள். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். 'இவ லிசியாடே பொண்டாட்டி' என்று யாராவது சொன்னால் மட்டும் தலையை நிமிர்த்துவாள்.

அந்த லிசியாடே சீமைப்பலா மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போய், பெரிய தீவு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, கைத்தடியோடு திரும்பி வந்தார். வந்த முதல் வாரமே, "ஞாயித்துக்கிழமை குழி நான்தான் போடுவேன்" என்றார். குனிய முடியாது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து நீளக் கழியால் தீயைக் கிளறினார், கல்லைப் பரப்பினார். உள்ளே அடுக்குகிற வேலைக்கு ஃபுசியைக் கூப்பிட்டார். "யாரும் பாக்கறதுக்கு முன்னாடி சீக்கிரம் வை" என்று மட்டும் சொன்னார்.

அன்று லூ வேகவில்லை.

சேம்பிலை வேகாவிட்டால் என்ன ஆகும் என்று தின்றவர்களுக்குத் தெரியும். முதல் வாய் நன்றாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் நாக்கின் ஓரம் அரிக்கும். பிறகு தொண்டை முழுக்க யாரோ பொடி முள்ளைத் தூவினதுபோலக் காறும். தண்ணீர் குடித்தாலும் போகாது. லிசியாடேயின் அக்கா கலோலைனே தொண்டையைச் செருமிக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். அந்த ஊரில் அக்கா என்பவள் தம்பிக்கு மேலே. முதல் தட்டு அவளுக்கு, கடைசிச் சொல்லும் அவளுக்கு. அவள் பிள்ளைகளுக்கும் தாய்மாமன் வீட்டில் எதையும் எடுக்கலாம், எதையும் பேசலாம் என்ற உரிமை உண்டு. படகு ஓட்டுகிற மூத்தவன் கிதியோனே சும்மா இருப்பானா?

"மாமா, மாட்டிறைச்சின்னு சொல்லிட்டு உள்ள கடல் முள்ளெலியை வச்சு மடிச்சிட்டீங்களா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். லிசியாடேயும் சிரித்தார். அடுத்த ஞாயிறும் வேகவில்லை. அப்போது அவர் சிரிக்கவில்லை. பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்தினார். கடலைப் பார்த்து உட்கார்ந்தபடி, "இந்த இடுப்போட எனக்குள்ள இருந்த சூடும் போயிருச்சு ஃபுசி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை, அவர் கடற்கரையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் அவள் முதல் முறையாக லூவை ரொட்டிப் பெட்டியில் வேகவைத்தாள். ஒரே ஒரு முறை என்றுதான் நினைத்தாள். வெந்த பொட்டலங்களைப் புது வாழையிலையில் மாற்றிக் கட்டினாள். கிழங்குகளைப் பானையில் முக்கால் வேக்காடு அவித்து, குழியில் வைக்கும்போது கையோடு கொஞ்சம் கரியைத் தடவினாள். ஜெபம் முடிந்து வந்து திறந்தார்கள். கலோலைனே ஒரு வாய் எடுத்தாள். "இதுதான்டா என் தம்பி கை" என்றாள். லிசியாடே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை ஃபுசி மட்டும் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு அடுத்த சனிக்கிழமை எப்படி நிறுத்துவது?

அவர் மறுபடியும் பாடப் போனார், சீட்டியடிக்கத் தொடங்கினார். போதகர் விருந்துக்கு வந்து, கிழங்கைப் பிட்டு உயர்த்திக் காட்டி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஃபுசிக்கோ சோறு இறங்கவில்லை. கோயிலில் பாவ அறிக்கை ஜெபம் வரும்போது எல்லோரோடும் சேர்ந்து வாய் திறப்பாள், சத்தம் வராது. தான் செய்தது திருட்டு இல்லை, யாருக்கும் கெடுதல் இல்லை என்று மனசுக்குள் வாதாடிப் பார்ப்பாள். ஆனால் அவர் குழி முன்னால் உட்கார்ந்து, கல்லின் மேல் இலைத்துணுக்கு ஒன்றைப் போட்டு அது சுருளுகிறதா என்று உன்னிப்பாகப் பார்க்கும்போது அவளால் நிமிர முடியாது. ஒரு மனிதன் ஜெபிப்பதுபோல அவர் அதைப் பார்ப்பார். அவள் கையிலோ ஏற்கெனவே வெந்த பொட்டலம் இருக்கும்.

ஒரு சாயங்காலம் ஆண்கள் கூடி காவா வேர்ச்சாறு குடிக்கும் கூட்டத்திலிருந்து அவர் வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்கு வந்தார்.

"ஃபுசி! கோயில் திறப்பு விருந்துக்கு நாலு தீவுக்காரங்களும் வர்றாங்க. போதகர்மாருக்கும் பெரியவங்களுக்கும் யாரு குழி போடறதுன்னு பேச்சு வந்துச்சு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. நான் எழுந்து நின்னு, என் குழிதான்னு சொல்லிட்டேன்."

"நீங்களா?"

"வேற யாரு? முந்தி மாதிரியே வருதுன்னு அத்தனை பேரும் சொல்றாங்க. நீயும்தானே தின்னுறே?"

ஃபுசி பானையைத் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள். ரொட்டிப் பெட்டியில் ஒரு குடும்பத்துக்கான லூதான் கொள்ளும். நாலு தீவு சனத்துக்கு முன்னால் குழியைத் திறக்கும்போது என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பேரின் தொண்டையும் காறும். அதற்கப்புறம் இந்த மனிதர் கடலைப் பார்த்து உட்காருவதோடு நிற்கமாட்டார். இந்த நம்பிக்கையை ஏற்றிவிட்டது அவள். அவர் தானாக எழுந்து நிற்கவில்லை, அவள்தான் நிறுத்தியிருக்கிறாள்.

அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை கலோலைனே வீட்டுக்குப் போனாள். கலோலைனே தாழையோலையைக் கிழித்துப் பாய் முடைந்துகொண்டிருந்தாள்.

"என்ன அதிசயம்! கூப்பிடாம வந்திருக்கே. யாரு செத்தா?"

"யாரும் இல்ல மதினி."

"அப்போ உக்காரு. நின்னுகிட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்கும்."

ஃபுசி உட்கார்ந்தாள். ஓலை நறுக்கு ஒன்றைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கலோலைனே முதலில் உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அடிப்பாவி! என் தம்பி கை, என் தம்பி கைன்னு தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அது லவினியா அனுப்பின பெட்டியா?"

ஃபுசி சிரிக்கவில்லை. கலோலைனேயின் சிரிப்பும் நின்றது.

"அவன்கிட்டச் சொல்லேன்."

"முடியல மதினி. அவர் முகத்தைப் பாத்தா நாக்கு எழும்ப மாட்டேங்குது."

"உனக்கு நாக்கு எழும்பறதே வருசத்துக்கு ஒருக்காதான். சரி விடு. நான் சொன்னா ஏன்னு கேக்கமாட்டான். பழி என் தலையில கெடக்கட்டும், எனக்கென்ன, பெரிய தலைதானே?"

அந்த ஞாயிறு, சாப்பாடு முடிந்து கை கழுவும்போது கலோலைனே சொன்னாள். "லிசியாடே, கோயில் திறப்புக்குக் குழியைக் கிதியோனே போடட்டும். நீ ஒதுங்கிக்கோ."

கிதியோனேயே திகைத்துப்போனான். லிசியாடே அக்காவைப் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

"சரிக்கா" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை ஜெபத்துக்கு அவர் பாடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கலோலைனே தேங்காய்ப்பாலில் மீன் சமைத்துச் சட்டியோடு ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினாள். "பசி இல்லைன்னு சொல்லு" என்றார். அக்கா அனுப்பிய சாப்பாட்டைத் தம்பி திருப்பி அனுப்பியதை அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இதுநாள்வரை ஃபுசி மறைத்தது ஒரு சாப்பாட்டு விஷயம். இப்போது ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு நடுவில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

அன்று வெயில் தாழ்ந்தபோது லிசியாடே குழிக்குப் பக்கத்தில் மரப்பெட்டியில் உட்கார்ந்து தேங்காய் மட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாதபோதும் கை சும்மா இருக்காது அவருக்கு.

"அக்காவுக்கு மகன் மேல பாசம். அதுக்கு நான் என்ன சொல்ல?" என்றார். "ஆனா தம்பின்னு ஒரு வார்த்தை தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"அது மதினி பேச்சு இல்லீங்க" என்றாள் ஃபுசி. "என் பேச்சு."

அவர் மட்டையை வெட்டுவதை நிறுத்தினார். அவள் சொன்னாள். இந்த முறை பார்ப்பதற்கு ஓலை நறுக்குகூட இல்லை. குழியைப் பார்த்துச் சொன்னாள்.

"போன ஞாயிறுமா?"

"ஆமா."

"போதகர் கிழங்கைத் தூக்கிக் காட்டினாரே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

"கிழங்குல கரி இருந்துச்சே?"

"நான் தடவினது."

அவர் உதடு ஓரம் ஒரு நொடி கோணியது. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. கழியால் குழியிலிருந்து ஒரு கல்லைத் தள்ளிக் காலடிக்குக் கொண்டுவந்து, கத்தியின் பின்பக்கத்தால் தட்டினார். சத்தம் கணீர் என்று வரவில்லை. ஈரமண்ணைத் தட்டியதுபோல வந்தது. இன்னொரு தட்டு. கல் பிளந்து, ஓரம் ரொட்டித்தூள்போல உதிர்ந்தது. அடுத்த கல்லும் அப்படியே.

"கல்லு செத்துப்போச்சு" என்றார்.

ஹாபாயில் மண்ணைத் தோண்டினால் பவளப்பாறைதான் வரும். அது அடுப்புக்கு ஆகாது. எரிமலைத் தீவான டோஃபுவாவில் காவாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் படகில் கருங்கல் ஏற்றி வருவார்கள். லிசியாடே வருடம் தவறாமல் போய்ப் புதுக்கல் எடுத்து வருவார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் யாரும் அவருக்காக எடுத்து வரவில்லை. பழைய கல் சூடேறும், சூட்டைப் பிடித்து வைக்காது.

"முதல்ல பச்சையா வந்தப்போ என் இடுப்பைத்தான் நெனச்சேன்" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அப்புறம் நல்லா வந்துச்சு. நல்லா வர்ற கல்லை எவன் தட்டிப் பாப்பான்? இன்னும் ரெண்டு வாரம் பச்சையாவே தின்னிருந்தா தட்டிப் பாத்திருப்பேன்டி. என்னைப் பாக்கவிடாம பண்ணிட்டியே."

அவருக்குள்ளிருந்த சூடு போய்விட்டது என்று அவர் சொன்னபோது, ஃபுசியும் அதைத்தானே நம்பினாள். கல்லைச் சந்தேகப்படவில்லை. மனிதனைச் சந்தேகப்பட்டாள்.

வெள்ளிக்கிழமைவரை அவர் தேவையானதற்குமேல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவராகவே வந்து சொன்னார். "இந்த ஞாயிறு பெட்டியைத் தொடாதே. அக்கா, கிதியோனே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடு."

"வேகாதே?"

"வேகாது."

ஞாயிற்றுக்கிழமை செத்த கல்லைக் காயவைத்து, அவள் மடித்த பச்சை லூவை வைத்து மூடினார்கள். கோயிலிலிருந்து எல்லோரும், மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டிய பாயோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். முதல் பொட்டலம் கலோலைனேயின் தட்டுக்குப் போனது. பிரித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இலை இன்னும் பச்சையாக இருந்தது. தம்பியைப் பார்த்தாள், ஃபுசியைப் பார்த்தாள், எடுத்து வாயில் போட்டாள். லிசியாடேயும் போட்டார். ஃபுசி தன் பங்கை எடுத்தாள்.

கிதியோனேதான் முதலில் இருமினான். "யப்பா! முள்ளெலி திரும்பி வந்திருச்சு!"

"கல்லு முடிஞ்சுபோச்சு" என்றார் லிசியாடே, கரகரத்த குரலில். "அக்கா, தட்டிப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான், இந்தக் குழியை நம்பி விருந்து போட முடியாது. புதுக்கல் வேணும். கிதியோனே, டோஃபுவாவுக்குப் படகு விடுவியா?"

"விடறேன் மாமா. ஆனா..." தொண்டையைச் சொறிய வழியில்லாமல் கழுத்தைச் சொறிந்தான். "போன வாரம்வரைக்கும் வெண்ணெய் மாதிரி இருந்துச்சே? அது எப்படி வெந்துச்சு?"

லிசியாடே தட்டைத் திருப்பி வைத்தார். "கல்லுதானே, ஒரே வாரத்துல விழுந்திரும்" என்றார்.

அவர் பொய் சொல்லி ஃபுசி கேட்டதே இல்லை. இன்றைக்குச் சொல்கிறார், அவளுக்காக. கலோலைனே குனிந்து தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். ஃபுசியின் தொண்டையில் முள் ஏறிக்கொண்டிருந்தது.

"நான் ரொட்டிப் பெட்டியில வேகவச்சேன்" என்றாள். "எல்லா வாரமும். அவருக்குத் தெரியாது. மதினிகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். மதினி மேல தப்பு இல்ல."

கூட்டத்தில் அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கிதியோனே வாயைப் பிளந்தான்.

"அட, அத்தை பேசறாங்க! பச்சைக் கீரை நாக்கைத் தட்டி எழுப்பிருச்சு!"

"நீ முதல்ல உன் நாக்கை அடக்குடா" என்றாள் கலோலைனே. மகனின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தம்பியிடம், "செவ்வாய்க்கிழமை மீனைத் திருப்பி அனுப்பினியே, அதைப் பூனைக்குப் போட்டேன். இனி ஒரு தடவை அனுப்பினா நானே வந்து உன் வாயில திணிப்பேன், தெரியுதா?" என்றாள்.

"தெரியுதுக்கா."

எல்லோரும் லூவை ஒதுக்கிவிட்டுக் கிழங்கின் வெந்த ஓரங்களைக் கிள்ளித் தின்றார்கள். ஃபுசி மட்டும் தன் பொட்டலத்தை முழுக்கத் தின்றாள். வேண்டாம் விடு என்று கலோலைனே சொல்லியும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம்வரை அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை.

காற்று அடங்கிய நாளில் கிதியோனே படகு விட்டான். வந்த கற்களை லிசியாடே ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். கலோலைனே தன் சொல்லை மாற்றிக்கொண்டாள், கோயில் திறப்புக்குத் தம்பிதான் மரப்பெட்டியில் உட்கார்ந்து கழியை நீட்டி நீட்டி ஆட்களை ஏவினார். குழி திறந்ததும் ஃபுசி உணவைப் பார்க்கவில்லை, தின்கிறவர்களின் தொண்டையைப் பார்த்தாள். ஒருவரும் செருமவில்லை. போதகர்மார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். லிசியாடே அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் ஒன்று மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மதியம் பாடற்குழுவிலிருந்து திரும்பியதும் அவர் நேராகத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வருவார். வருகிற வழியில், யதேச்சையாகப்போல, ரொட்டிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுப்பார். குளிர்ந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவர் அதை வேண்டுமென்று செய்கிறாரா, தன்னை அறியாமல் செய்கிறாரா என்று ஃபுசிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சனிக்கிழமை ரொட்டி சுடுவதை விட்டுவிட்டாள், அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். படல் திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து போய், பெட்டியின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, மறுபடி தேங்காய் துருவ உட்காருவாள்.